சொல்ல வந்தவர்கள் – 7: கட்டளை மட்டும் போதவில்லை

கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை ஏன் பிறரிடம் சொல்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான போதகர்கள் மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி வரிகளைக் காட்டுவார்கள். உயிர்த்தெழுந்த இயேசு, எல்லா இனத்தாரையும் சீடராக்கச் சொல்லும் இடம் அது. இந்த விடை சரிதான். ஆனால் பாதி விடை. 1517இல் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் அதே வரிகளைப் புராட்டஸ்டண்டுகள் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் மிகச் சிலர். அந்தக் கட்டளை அப்போஸ்தலர்களோடு முடிந்துபோயிற்று என்று லுத்தரன் இறையியலாளர்கள் பலர் கற்பித்தார்கள். அது இன்றும் செல்லும் என்று வாதாட, 1792இல்கூட வில்லியம் கேரி ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது.

இடையில் மாறியது வசனமல்ல, வாசித்தவர்களின் உள்ளம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வேரூன்றிய பக்தி இயக்கம், ஞானஸ்நானமும் ஞாயிறு ஆராதனையும் இருந்தால் போதாது, மனம் திரும்ப வேண்டும் என்றது. தான் மன்னிக்கப்பட்டதை உள்ளுக்குள் உணர்ந்தவருக்கு அதைப் பிறரிடம் சொல்லாமல் இருப்பதுதான் கடினம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்தப் பள்ளியில் உருவானவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசராயிற்றே, இது காலனி ஆட்சியின் வேலைதானே என்று கேட்கலாம். அரசரின் துணையில்லாமல் அவர் வந்திருக்க முடியாது, உண்மை. ஆனால் தரங்கம்பாடியை நிர்வகித்த டேனிஷ் வணிகக் கம்பெனிக்கு அவர் இடைஞ்சலாகவே இருந்தார். 1708இல் அதன் தளபதி அவரைச் சிறைப்பிடித்து நான்கு மாதம் அடைத்துவைத்தார். இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு: மதம் மாற்ற வருகிறவர் மற்றவர் சமயத்தை இழிவாகத்தானே பார்ப்பார்? தமிழரின் வழிபாடு தவறு என்றே சீகன்பால்கு நம்பினார்; அதை நாம் மழுப்பக் கூடாது. ஆயினும் சொல்ல வந்தவர் கேட்கவும் வேண்டியிருந்தது. தமிழ் கற்றார், சுவடிகள் சேர்த்தார், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவான நூலொன்றை எழுதி முடித்தார். ஹாலேயில் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. வெறுப்பு மட்டுமே தூண்டியிருந்தால், ஹாலேயில் இருந்தவர்களே விரும்பாத அந்த உழைப்பு நடந்திராது என்பதே என் கணிப்பு.

சம்பளம் வாங்கும் மிஷனரியை வைத்து நோக்கத்தை அளக்க முடியாது என்று இன்னும் ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதனால்தான் கிளாரிந்தா முக்கியமாகிறார். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை அவர். ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் மூலம் கிறிஸ்துவை அறிந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி ஷ்வார்ட்ஸ் முதலில் மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். அங்கே நிலையாகத் தங்கிய மிஷனரி எவரும் அப்போது இல்லை. போய்ச் சொல் என்று ஏவவும் ஆளில்லை, கூலி கொடுக்கவும் ஆளில்லை. சபையே ஒருமுறை வாசலில் நிறுத்திவைத்த பெண் அவர். தனக்குக் கிடைத்த ஏற்பை மற்றவர்களுக்கும் கொடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். 1785இல் அவர் முயற்சியில் ஓர் ஆலயம் எழுந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தி கோயில் என்றார்கள். உபதேசியார் சத்தியநாதன் அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தபோது, அவர் தொடங்குவதற்கு முன்பே சபை அங்கே கூடிக்கொண்டிருந்தது.