கல்லில் ஏறும் சூடு

பிரான்சில் போர்தோ நகரை ஒட்டி, கரோன் ஆற்றின் இடக்கரையில் கிடக்கும் திராட்சை நிலத்துக்குக் கிராவ் என்று பெயர். பிரெஞ்சில் அதற்குச் சரளை என்றே பொருள். பனியூழிக் காலங்களில் பைரனீஸ் மலையிலிருந்து ஆறு உருட்டி வந்த கூழாங்கற்கள் அங்கே மேடுமேடாகக் குவிந்திருக்கின்றன. மற்ற பயிருக்கு உதவாத அந்த மண்தான் ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்தது. 1855-இல் போர்தோவின் சிவப்பு ஒயின்களைத் தரம் பிரித்தபோது, மெடோக் வட்டாரத்துக்கு வெளியிலிருந்து பட்டியலில் ஏறிய ஒரே தோட்டம் இங்குள்ள ஓ-பிரியோன்.

சரளை மழைநீரைத் தங்கவிடாது. கொடி நீரைத் தேடி ஆழமாக வேர் விடும். பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் பொழுது சாய்ந்தபின் மெல்ல வெளிவிடும். குலைகள் தரையை ஒட்டித் தொங்குவதால் அந்தச் சூடு நேராகப் பழத்தில் படும். அட்லாண்டிக் கடற்காற்றின் குளிர்ச்சியில் தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சொவின்யோன் ரகத்தைக் காப்பாற்றியது இந்த இரவுச் சூடுதான்.

இப்போது அதே சூடு கொடிக்குப் பகையாகிக்கொண்டிருக்கிறது. வெப்பம் மிஞ்சினால் பழத்தில் சர்க்கரை விரைந்து ஏறும், புளிப்பு இறங்கும். முன்பு 12 சதவீதத்தை ஒட்டியிருந்த ஆல்கஹால் இன்று 14-ஐத் தொடுவது சாதாரணம். சீக்கிரம் பழுக்கும் மெர்லோ ரகம் முதலில் அடிவாங்குகிறது. வேர் இறங்காத இளங்கொடிகளுக்கு, நீர் நிற்காத மண் வறட்சியில் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

2022 ஜூலையில், கிராவின் தென்பக்கம் லாந்திராஸை ஒட்டிய பைன் காடு பற்றி எரிந்தது. ஆகஸ்டில் மீண்டும் மூண்டது. ஜூலையில் மட்டும் போர்தோ அடங்கிய மாவட்டத்தில் 20,000 ஹெக்டேருக்கு மேல் காடு அழிந்தது. கொடி தப்பினாலும் புகை பழத்தோலில் ஏறி ஒயினைக் கெடுக்கும். போர்தோ ஆய்வாளர் கொர்னெலிஸ் வான் லேவன் குழு 2024-இல் எச்சரித்தது இன்னும் கடுமையானது: புவி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்தால், உலகின் ஒயின் வட்டாரங்களில் 70 சதவீதம் வரை திராட்சைக்கு ஒவ்வாததாகிவிடக்கூடும்.

தூரிகா நாசியோனல் போன்ற வெப்பம் தாங்கும் ரகங்களுக்கு 2021-இல் போர்தோவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது. இந்த வரம்பு போதாது என்பதே என் கருத்து. இந்த ஆண்டு நடும் கொடி 2060-இலும் அந்தச் சரளையில்தான் நிற்கும்.