35,000 டாலர் ட்ரெய்லர் வாங்குறதுக்கு முன்னாடி 2 ராத்திரி காட்டுல தங்கிப் பாருங்க!

நம்ம சேனல்ல வீட்டுக் கடன், கார் கடன் பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான ஒரு கடன். அமெரிக்காவுல இருக்கிற நம்ம வாசகர்கள் அடிக்கடி மெயில்ல கேக்குற கேள்விதான்: "மேடம், கேம்பிங் போக ஒரு ட்ரெய்லர் வாங்கலாமா?"

இந்தக் கேள்வி 2023 நவம்பர்ல எங்க வீட்டுக்குள்ளயே வந்துச்சு. அக்டோபர் 31 வருமான வரி கெடு முடிஞ்சாதான் என்னை மாதிரி சி.ஏ.வுக்கு மூச்சே வரும். முடிஞ்ச கையோட அம்மாவைப் பார்க்க டல்லாஸ் பக்கத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். போன அன்னைக்கே அக்கா சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய் மெதுவா சொன்னா: "உங்க அத்தான் ட்ரெய்லருக்கு 500 டாலர் அட்வான்ஸ் கட்டிட்டாரு. இன்னும் 10 நாள்ல கையெழுத்து. நான் வேண்டாம்னா சண்டை வரும். நீ கணக்குப் போட்டுக் காட்டு."

அத்தான் பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அத்தான், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வார இறுதி வாடகை ட்ரெய்லர்ல போய் வருவோமா?" அவரும் சரின்னுட்டாரு. யாரோ கேன்சல் பண்ணின ஒரு இடம் டைலர் ஸ்டேட் பார்க்ல கிடைச்சுது. டெக்சாஸ் ஸ்டேட் பார்க்ல 5 மாசம் முன்னாடியே முன்பதிவு திறந்துடும். இலை நிறம் மாறுற நவம்பர்ல இடம் கிடைக்கிறது லேசு இல்லை.

முதல் பாடம்: கார் கதவுல இருக்கிற ஸ்டிக்கர்

"நம்ம வண்டி 7,000 பவுண்டு இழுக்கும். நான் பார்த்து வெச்சிருக்கிற ட்ரெய்லர் சாமானோட 6,500 பவுண்டுதான்" அப்படின்னு அத்தான் தைரியமா இருந்தாரு. விளம்பரத்துல பெருசா போடுறது அந்த இழுவைத் திறனைத்தான். ஆனா டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்குள்ள ஏறுற ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். அத்தான் வண்டியில 1,300 பவுண்டு.

ட்ரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியா கார் மேலயே உட்காரும். அதுவும் இந்த 1,300-க்குள்ளதான் வரணும்.

அவர் வாங்க நினைச்சதுக்குக் கணக்கு பாருங்க:

- கொக்கி மேல வர்ற எடை (6,500-ல 12%): 780
- நாங்க 6 பேர்: 750
- கூலர், பை, கொக்கி சாமான்: 150
- மொத்தம்: 1,680 பவுண்டு

வண்டி தாங்குறதை விட 380 பவுண்டு அதிகம். அதாவது ட்ரெய்லர் வாங்கினா சீக்கிரமே ஒரு பெரிய டிரக்கும் வாங்கணும். ஷோரூம்ல யாரும் இதைச் சொல்லலை. ஒரு பொருளை வாங்கும்போது அது கூட்டிட்டு வர்ற அடுத்த பொருளையும் விலையில சேர்த்துப் பாருங்க.

வாடகைக்கு எடுத்தது சாமானோட 4,500 பவுண்டுதான். அதுக்கே 6 பேரும் ஒரே வண்டியில ஏறினா 1,440 வருது. அதனால அக்கா, அம்மா, சின்னவ மூணு பேரும் இன்னொரு கார்ல பின்னாடியே வந்தாங்க.

காட்டுக்குள்ள முதல் ராத்திரி

டல்லாஸ்ல இருந்து கிழக்கே சுமார் 100 மைல். வழக்கமா 2 மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ட்ரெய்லர் இழுக்கும்போது 60 மைல் வேகத்தைத் தாண்டலை, அதனால இரண்டரை மணி நேரம் ஆச்சு. காலனுக்கு 22 மைல் குடுக்கிற வண்டி அன்னைக்கு 11 குடுத்துச்சு.

உள்ளே நுழைஞ்சதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம். டெக்சாஸ்னா வெட்டவெளின்னு நினைச்சிருந்த எனக்கு, ரெண்டு பக்கமும் வானம் தொடுற பைன் மரங்கள். நடுவுல சிவப்பும் மஞ்சளுமா ஸ்வீட்கம், ஹிக்கரி. கீழே 64 ஏக்கர்ல ஊற்றுத் தண்ணி ஏரி.

அந்த அழகு எல்லாம் ரிவர்ஸ் எடுக்கிற வரைக்கும்தான். அத்தான் 40 நிமிஷம் போராடினாரு. அக்கா "லெஃப்ட், லெஃப்ட்"னு கத்த, "யாரோட லெஃப்ட்டு?"ன்னு அத்தான் திருப்பிக் கத்த, ஊர்ல தேர் நிலைக்கு வர்ற மாதிரி அக்கம்பக்கமே கூடிடுச்சு. பக்கத்து இடத்துல இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் வந்து சொல்லிக் குடுத்தாரு: "ஸ்டீயரிங்கோட அடிப்பாகத்துல கை வை. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து." அடுத்த 5 நிமிஷத்துல வண்டி உள்ளே.

ராத்திரி நல்ல குளிர். அம்மாவுக்காக ஒரு ஹீட்டர், பால் காய்ச்ச மைக்ரோவேவ், வெந்நீருக்கு எலக்ட்ரிக் கெட்டில், மூணையும் ஒண்ணா போட்டோம். டப்புனு எல்லாம் இருட்டு! எங்க ட்ரெய்லருக்கு வர்ற கரண்ட் 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினா 3,600 வாட்தான். ஹீட்டர் 1,500, கெட்டில் 1,500, மைக்ரோவேவ் 1,000-க்கு மேல. எப்படித் தாங்கும்?

இதுதான் நண்பர்களே குடும்ப பட்ஜெட்டும். சம்பளம்ங்கிறது 30 ஆம்ப் லைன். வீட்டுக் கடன் ஹீட்டர், கார் கடன் கெட்டில். தனித்தனியா பார்த்தா எல்லா இ.எம்.ஐ.யும் சின்னதாத்தான் தெரியும். ஒரே நேரத்துல மூணும் ஓடும்போதுதான் ஃபியூஸ் போகும்.

சனிக்கிழமை போட்ட கணக்கு

மறுநாள் பசங்க ஏரிக்கரையில தூண்டில் போட்டாங்க. டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குள்ள கரையில இருந்து மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம். நானும் அத்தானும் மர மேஜையில லேப்டாப்போட உட்கார்ந்தோம்.

ட்ரெய்லர் விலை 35,000 டாலர். டெக்சாஸ் விற்பனை வரி 6.25%, அதாவது 2,187 டாலரும், 5,000 டாலர் முன்பணமும் கையில இருந்து போகும். மீதி 30,000 கடன். வட்டி 9%, காலம் 15 வருஷம், மாசம் 304 டாலர்.

"304 தானே?"ன்னாரு அத்தான். விற்பனையாளர் சொன்ன அதே வார்த்தை.

15 வருஷத்துல மொத்தம் கட்டுறது சுமார் 54,700. அதுல வட்டி மட்டும் 24,700. இன்னும் முக்கியம், 5 வருஷம் கழிச்சு நிலைமை என்ன? அதுக்குள்ள 18,240 டாலர் கட்டியிருப்பாரு. ஆனா அசல்ல குறைஞ்சது சுமார் 6,000 தான். பாக்கி 24,000 நிக்கும். வீட்டு விலை ஏறலாம், ட்ரெய்லர் விலை இறங்கத்தான் செய்யும். 5 வருஷத்துல பாதி விலைக்குப் போகும்னு வெச்சுக்குவோம். 17,500-க்கு வித்தாலும் கடனை முடிக்கக் கையில இருந்து இன்னொரு 6,500 போடணும்!

சரி, வருஷச் செலவு? இதுல முதல் வரியைத் தவிர மத்தது எல்லாம் நாங்க விசாரிச்சு வெச்ச மதிப்பீடு:

- இ.எம்.ஐ.: 3,648
- நிறுத்துற இடத்துக்கு வாடகை, மாசம் 100 (அவங்க குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசல்ல ட்ரெய்லர் நிறுத்த விடாது): 1,200
- இன்சூரன்ஸ்: 400
- டயர், கூரை சீலிங், பராமரிப்பு: 600
- மொத்தம்: 5,848 டாலர்

"வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்க அத்தான்?" கொஞ்சம் யோசிச்சு, "6 தடவை"ன்னாரு. 6 வார இறுதி, 12 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 487 டாலர். கேம்ப் இடத்து வாடகை, பெட்ரோல் எல்லாம் தனி.

இப்போ வாடகைக் கணக்கு. எங்களுக்கு 2 ராத்திரி 260, சுத்தம் செய்ய 75, இன்சூரன்ஸ் 60, சேவைக் கட்டணம் 45. ஆக 440 டாலர். 6 தடவைக்கு 2,640. வாங்குறது லாபம் ஆகணும்னா வருஷத்துல 13 வார இறுதிக்கு மேல போயாகணும். டெக்சாஸ் கோடையையும் பசங்க பரீட்சையையும் கழிச்சுட்டு 13 வார இறுதி எங்கே இருக்கு?

"வரிச் சலுகை உண்டே?"

இதையும் விற்பனையாளர் சொல்லியிருந்தாரு. பாதி உண்மை. படுக்கை, சமையல், கழிப்பறை மூணும் இருந்தா ட்ரெய்லரையும் இரண்டாவது வீடா ஐ.ஆர்.எஸ். ஏத்துக்கும். ஆனா அந்த வட்டியைக் கழிக்கணும்னா செலவுகளைப் பட்டியல் போட்டுக் கணக்கு காட்டணும். 2023-க்கு கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் பண்ணினா பட்டியலே இல்லாம 27,700 டாலர் நிலைக் கழிவு கிடைக்கும். அத்தான் வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, இந்த ட்ரெய்லர் வட்டி எல்லாம் கூட்டினாலும் அதைத் தொடலை. அப்போ சலுகை பூஜ்யம். (நான் இந்திய சி.ஏ. உங்க கணக்கை அங்க இருக்கிற சி.பி.ஏ. கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.)

அப்போ யார் வாங்கலாம்?

ரிவர்ஸ் சொல்லிக் குடுத்த பெரியவரையே எடுத்துக்குங்க. ஓய்வு பெற்றவர். பழைய ட்ரெய்லர், முழுப் பணம் குடுத்து வாங்கினது, கடன் இல்லை. வருஷத்துல 100 ராத்திரி அவரும் மனைவியும் அதுலதான். அத்தானோட கணக்கையே எடுத்து 100-ஆல வகுத்தாலும் ராத்திரிக்கு 58 டாலர்தான் வருது. அவருக்கு வாங்கினது சரியான முடிவு. ட்ரெய்லர் ஒண்ணுதான், ஆனா யாரு எத்தனை நாள் பயன்படுத்துறாங்கங்கிறதுல விலை மாறிடுது.

அந்தப் பூங்கா சொன்ன கதை

சாயங்காலம் நடக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தப் பூங்காவை 1935-ல இருந்து 1941 வரைக்கும் கட்டினது சி.சி.சி.ங்கிற அரசுத் திட்டத்துல வந்த இளைஞர்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். அவங்க சம்பளம் மாசம் 30 டாலர். அதுல சுமார் 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும், கையில மிஞ்சுறது 5.

இதைச் சொன்னதும் அத்தான் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் நெருப்பு பக்கத்துல உட்கார்ந்து சொன்னாரு: "நானும் வந்த முதல் 8 வருஷம் அப்படித்தான் அனுப்பினேன். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன். அப்பாவை இங்கே கூட்டிட்டு வந்து நாலு இடம் காட்டணும்னு நினைச்சேன். போன வருஷம் அவர் போயிட்டாரு. ஒரு ட்ரிப் கூட ஒண்ணா போகலை. பசங்களாவது அப்படிச் சொல்லக் கூடாது."

அவர் வாங்க நினைச்சது ட்ரெய்லரை இல்லைன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. இது தெரியாம என் எக்செல் ஷீட்டை மட்டும் காட்டியிருந்தா கணக்கு சரியா இருந்திருக்கும், பதில் தப்பா இருந்திருக்கும். பசங்களோட நேரம் வேணும்ங்கிற ஆசை நிஜம். அதுக்கு 15 வருஷக் கடன்தான் வழியான்னுதான் கேக்கணும்.

ஞாயிறு காலை கழிவுத் தொட்டி காலி பண்ணினோம். முதல்ல கழிப்பறைத் தொட்டி, அப்புறம் குளியல் தண்ணித் தொட்டி. அப்போதான் குழாய் கழுவி விட்ட மாதிரி ஆகும். கையுறையோட நின்ன அத்தானைப் பார்த்து அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

கடைசியில என்ன ஆச்சு?

அட்வான்ஸ் 500 டாலர் திரும்பி வந்துச்சு. இ.எம்.ஐ. கட்டியிருக்க வேண்டிய அதே 304 டாலரை மாசாமாசம் ஒரு தனி சேமிப்புக் கணக்குல போடச் சொன்னேன். கணக்குக்கு "காடு"ன்னு பெயர் வெச்சது பெரியவன். ஒரு வருஷத்துல 3,648 டாலர் சேர்ந்துச்சு. 4 தடவை போனாங்க, ட்ரெய்லர் வாடகை 1,760. மீதி 1,888 டாலர் கணக்குலயே இருக்கு. 6 தடவைன்னு சொன்னவர் போனது 4 தடவைங்கிறதைக் கவனிச்சீங்களா?

நீங்களும் இப்படி ஒரு முடிவு முன்னாடி நின்னா:

1. முதல்ல 3 தடவை வாடகைக்குப் போங்க. ஒண்ணு குளிர்ல, ஒண்ணு கோடையில, ஒண்ணு மழையில.
2. கார் கதவு ஸ்டிக்கரைப் படிங்க.
3. இ.எம்.ஐ.யைப் பார்க்காதீங்க. மொத்த வருஷச் செலவை, நிஜமா போகப் போற ராத்திரிகளால வகுங்க.
4. 12 மாசம் அந்த இ.எம்.ஐ. தொகையை உங்களுக்கே கட்டிப் பாருங்க. மூச்சு முட்டுச்சுன்னா கடன்லயும் முட்டும்.
5. அடிக்கடி போவீங்கன்னா 70 டாலர் வருஷ பாஸ் வாங்குங்க (நாங்க வாங்கின விலை). நாங்க போனப்போ தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் நுழைவுக் கட்டணம். பெரியவங்க 4 பேர், 2 நாள்னா அதுவே 48. இரண்டாவது ட்ரிப்லயே பாஸ் காசு திரும்பிடும்.

அத்தானுக்கு ஆசை இன்னும் போகலை. "பசங்க காலேஜ் போனதும் நானும் உங்க அக்காவும் 100 ராத்திரி போவோம், அப்போ பழசா ஒண்ணு வாங்குவேன், ரொக்கமா"ன்னு சொல்லியிருக்காரு. அந்தக் கணக்குக்கு நானே கையெழுத்து போடுவேன்.

எக்செல் கால்குலேட்டர் வீடியோவுக்குக் கீழே இருக்கு. உங்க எண்களைப் போட்டுப் பார்த்துட்டு, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லுங்க.