வி.வி.டி. – சரக்கா, ஸ்டிக்கரா?



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தாய்மாமா சீட்டு எடுத்த பணத்தில் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கக் கிளம்பினார். "மாப்ளே, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, எதை வாங்கலாம் சொல்லு" என்றார். இரண்டு கார் பார்த்தோம். ஒன்றின் பின்னால் 'வி.வி.டி.' என்று பளபளவென எழுதியிருந்தது. "மாமா, இதையே எடுங்க. வேரியபிள் வால்வு டைமிங்! பவரும் ஜாஸ்தி, மைலேஜும் ஜாஸ்தி. லிட்டருக்கு 20 கண்டிப்பா குடுக்கும்" என்று அடித்து விட்டேன். அப்போது நான் இரண்டாம் ஆண்டு. அந்தப் பாடத்தையே இன்னும் தொடவில்லை!

ஒரு வருஷம் கழித்து மாமாவிடமிருந்து போன். சிக்னலில் நின்றால் வண்டி கிடுகிடுவென நடுங்குகிறதாம். முதலில் 15 கொடுத்த மைலேஜ் 11-க்கு இறங்கிவிட்டதாம். "என்ஜினை இறக்கணும், 30,000 ஆகும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். "உன் வி.வி.டி. லட்சணம் இதுதானா மாப்ளே?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

சாக்பீஸும் நூலும்

லேபில் வால்வு டைமிங் டயகிராம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, வால்வு திறக்கும் இடம், மூடும் இடம் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு, நூலால் அளந்து, 360-ஆல் பெருக்கி, சுற்றளவால் வகுத்து டிகிரி கண்டுபிடிப்போமே, அதுதான். அப்போது நம் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். பிஸ்டன் பி.டி.சி.க்கு வந்த பிறகும் இன்லெட் வால்வு ஏன் உடனே மூடாமல் இன்னும் 30, 40 டிகிரி திறந்தே இருக்கிறது?

காரணம், காற்றுக்கும் எடை உண்டு, வேகம் உண்டு. பஸ் நகர ஆரம்பித்த பிறகும் ஓடி வந்து படியில் தொற்றிக்கொள்ளும் நம்ம பசங்களைப் போல, வேகமாக வரும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கும் நேரம் வெறும் 5 மில்லி செகண்ட். அந்த அவசரத்தில் கதவைக் கொஞ்சம் தாமதமாக மூடினால்தான் சிலிண்டர் நிரம்பும்.

ஆனால் ஐட்லிங்கில், அதாவது 800 ஆர்.பி.எம்.மில், அதே ஸ்ட்ரோக்குக்கு 37.5 மில்லி செகண்ட் இருக்கிறது. ஓடி வந்து ஏற யாரும் இல்லை. கதவு திறந்தே கிடந்தால் உள்ளே இருப்பவர்களைத்தான் பிஸ்டன் வெளியே தள்ளும்!

ஓவர்லேப் கதையும் இதேதான். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் நேரத்தில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும். அதிக வேகத்தில் வெளியேறும் புகை புதுக் காற்றை இழுத்து வரும், நல்லது. ஐட்லிங்கிலோ எரிந்த புகை இன்லெட் பக்கம் திரும்பி வந்து புது மிக்ஸ்சரைக் கெடுக்கும். என்ஜின் நடுங்கும்.

ஆக, ஒரு கேம் ஷாஃப்ட் ஒரு வேகத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். மற்ற வேகங்களில் சமாளிப்புதான். ஆண்டாண்டு காலமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மாற்றியது யார்?

தயாரிப்புக் காரில் இதை முதலில் கொண்டுவந்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. அமெரிக்காவுக்குப் போன 1980 ஸ்பைடர் காரில் அது வந்தது. ரேஸுக்காக அல்ல நண்பர்களே, அமெரிக்கப் புகைச் சட்டத்துக்காக! ஐட்லிங்கில் ஓவர்லேப்பைக் குறைக்க வேண்டும், வேகத்தில் கூட்ட வேண்டும். இதுதான் நோக்கம். பி.எம்.டபிள்யூ.வின் வேனோஸ் 1992-லும், டொயோட்டாவின் வி.வி.டி.-ஐ 1995-லும் வந்தன.

இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது கேம் ஃபேஸர் முறை. கேம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் சிறு சிறு ஆயில் அறைகள் இருக்கும். ஈ.சி.யூ. சொல்கிறபடி ஆயில் கண்ட்ரோல் வால்வு எந்த அறைக்கு ஆயிலை அனுப்புகிறதோ, அதற்கேற்ப கேம் ஷாஃப்ட் முன்னாலோ பின்னாலோ திரும்பும். வால்வு எப்போது திறக்கிறது என்பதுதான் இதில் மாறும். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பது மாறாது.

அதையும் மாற்றியது ஹோண்டாவின் வீடெக். ஜப்பானில் 1989-ல் இன்டெக்ரா காரில் வந்தது. இரண்டு இன்லெட் வால்வுக்கு மூன்று கேம் மேடுகள். ஓரத்தில் உள்ள இரண்டும் சாதுவானவை, நடுவில் இருப்பது முரட்டு ஆள். 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் போனதும் ஆயில் பிரஷர் ஒரு பின்னைத் தள்ளும். மூன்று ராக்கர் ஆர்மும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு முரட்டு மேட்டின்படி வால்வைத் திறக்கும். எக்ஸாஸ்ட் பக்கமும் இப்படியே. 1,595 சி.சி. என்ஜினில் 160 பி.எஸ்.! டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 பி.எஸ்.! உலகமே வாயைப் பிளந்தது. வி.வி.டி.க்கு இருக்கும் மந்திரப் பெயருக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கால்குலேட்டரை எடுங்கள்

அந்த 160 பி.எஸ். வருவது 7,600 ஆர்.பி.எம்.மில். நமக்குத் தெரிந்த 2πஎன்.டி./60 ஃபார்முலாவில் போட்டால் அங்கே டார்க் சுமார் 148 நியூட்டன் மீட்டர். 1.6 லிட்டருக்கு நல்ல எண்தான், ஆனால் அதிசயம் இல்லை. அதே டார்க்கை 5,500 ஆர்.பி.எம்.மில் வைத்துப் போடுங்கள், 116 பி.எஸ்.தான் வரும். அப்படியானால் மீதி 44 எங்கிருந்து வந்தது? வேகத்திலிருந்து வந்தது. 7,600-லும் மூச்சு வாங்காமல் காற்றை இழுக்க முடிந்ததால் வந்தது.

சரி, 7,600-ல் மூச்சு விட வீடெக் வேண்டுமா? வேண்டாம்! முரட்டு ரேஸ் கேம் ஒன்றைப் போட்டாலே போதும். ஆனால் அந்த வண்டி சிக்னலில் நிற்காது, திணறும், கடைத்தெருவில் ஓட்டவே முடியாது. வீடெக்கின் உண்மையான சாதனை, அப்படிப்பட்ட என்ஜினை ஐட்லிங்கில் பூனை போல நிற்க வைத்ததுதான். வி.வி.டி.யின் பெருமை டாக்கோமீட்டரின் மேல் முனையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறோம். அது கீழ் முனையில்தான் இருக்கிறது என்பேன்.

மைலேஜ்? லாபம் உண்டு, ஆனால் கேம் டைமிங்கை மாற்றுவதால் மட்டும் கிடைப்பது ஒன்றிரண்டு முதல் நான்கைந்து சதவீதம்தான். ஆக்ஸிலேட்டரை அழுத்தும் கால் அதைவிட அதிகமாக மாற்றும்! சத்தமில்லாமல் செய்கிற வேலை புகையில்தான். எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் தேவையான நேரத்தில் உள்ளேயே தங்க வைத்து எரியும் சூட்டைக் குறைப்பதால், நைட்ரஜன் ஆக்ஸைடு குறைகிறது.

மாமா கார் என்ன ஆச்சு?

இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் இருந்த ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆயில் என்ன ஊத்துறாங்க?" மாமாவைக் கேட்டால், "5 டபிள்யூ 30 தண்ணி மாதிரி இருக்குடா. அதான் கெட்டியா 20 டபிள்யூ 50 ஊத்தினோம். ஒரு வருஷமா மாத்தலை" என்றார். செக் என்ஜின் லைட்? "அது எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கறுப்பு டேப் ஒட்டிட்டோம்" என்றார் சாவகாசமாக!

ஃபோர்மேன் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி ஆயில் கண்ட்ரோல் வால்வை வெளியே எடுத்தார். அதன் வலையில் கறுப்பாகப் பசை மாதிரி ஸ்லட்ஜ். வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அதனால் இன்லெட் கேம் அட்வான்ஸிலேயே நின்று, ஐட்லிங்கிலும் ஓவர்லேப். லேபில் நாம் வரைந்த அதே டயகிராம், தப்பான இடத்தில்! கழுவி, 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்டு, மாட்டினார். சரியான ஆயில், புது ஃபில்டர். 500 கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் ஆயில் மாற்றினோம். நடுக்கம் போயிற்று. என்ஜினை இறக்கவே இல்லை.

மைலேஜ் 15-க்குத் திரும்பியது. நான் சொன்ன 20 வரவில்லை, வரப்போவதும் இல்லை. அந்தப் பொய் என்னுடையது, வி.வி.டி.யுடையது அல்ல. மாமாவிடம் அதைச் சொன்னேன். "பரவால்லடா, 30,000 மிச்சம் பண்ணிட்டே" என்றார்.

மார்க் ஷீட்

நான் மார்க் போட்டால் இப்படிப் போடுவேன். ஐட்லிங், குறைந்த வேக இழுவை: டிஸ்டிங்ஷன். புகை: முதல் வகுப்பு. பவர்: முதல் வகுப்பு, ஆனால் ஆர்.பி.எம். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. மைலேஜ்: ஜஸ்ட் பாஸ். பராமரிப்பு: ஆயிலைக் கவனிக்காதவர்களுக்கு அரியர்!

இன்று வி.வி.டி. இல்லாத பெட்ரோல் கார்தான் அபூர்வம். எனவே ஸ்டிக்கரைப் பார்த்துக் கார் வாங்குவதில் அர்த்தம் இல்லை. நாளைக்கு உங்களிடமும் ஒரு மாமா வந்து கேட்பார். அவர் கையில் இருப்பது சீட்டுப் பணம். பதில் சொல்லும் முன் ஒரு தடவை டயகிராமைப் போட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள்.

வாழ்க நம் மாணவர் ஒற்றுமை!

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு