வீட்டை இடிக்கும் முன்

ஒரு வீட்டைக் கட்டப் பல மாதங்கள் ஆகும். அதே வீட்டை இடிக்கச் சில நாட்கள் போதும். அதனால் இடிப்பது எளிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கடப்பாரையும் சம்மட்டியும் இருந்தால் போதும் என்கிறார்கள்.

இது சரியா?

கட்டும்போது வீடு நாளுக்கு நாள் உறுதி அடைகிறது. இடிக்கும்போது நாளுக்கு நாள் உறுதி இழக்கிறது. காலையில் நின்ற சுவர் மாலையில் சாயலாம். இடிக்கும் தொழிலாளி அதன் அருகிலேயே நிற்கிறார். ஆகவே, இடிக்கும் வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

எது எதைத் தாங்குகிறது?

இந்தியாவில் பல வகை வீடுகள் இருக்கின்றன. தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பலவற்றில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பால் பதித்திருப்பார்கள். இது மெட்ராஸ் டெரஸ். ஆந்திராவின் ராயலசீமைப் பகுதியில் கடப்பைக் கல் பலகைகளைக் கூரையாகப் போடுவார்கள். கேரளத்தில் செம்மண் நிற வெட்டுக்கல்லால் சுவர் எழுப்புவார்கள். இன்று எல்லா ஊர்களிலும் கான்கிரீட் தூண் வைத்த வீடுகள் வந்துவிட்டன.

தூண் வீட்டில் பாரத்தைத் தூண்கள் தாங்கும். பழைய வீட்டில் சுவரே பாரத்தைத் தாங்கும். அந்தச் சுவரை எடுத்தால் கூரை இறங்கிவிடும். வெளியே பார்த்து எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று ஊகிக்கக் கூடாது. பொறியாளரிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர் இருந்தால், அதற்கு முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் நாள் வேலை

முதல் நாள் சம்மட்டியை எடுக்கக் கூடாது. மின் இணைப்பை நிறுத்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரை அகற்ற வேண்டும். கண்ணாடி, கதவு, ஜன்னல்களைக் கழற்றி எடுக்க வேண்டும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அந்த இடங்களைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். கனமான இயந்திரம் ஏறினால் தொட்டியின் மூடி உடைந்துவிடும்.

மேலே தொடங்கி, கீழே முடிக்க வேண்டும்

கடைசியில் கட்டியதை முதலில் எடுக்க வேண்டும். இதுதான் அடிப்படை விதி. முதலில் கைப்பிடிச் சுவர், அடுத்து கூரை, பிறகு சுவர், கடைசியில் அடித்தளம். மாடி வீடு என்றால், ஒரு மாடியை முழுவதும் எடுத்த பிறகே அடுத்த மாடிக்கு இறங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 4130 என்ற பாதுகாப்பு நெறியும் இதையே சொல்கிறது.

சன்ஷேடு, பால்கனி இரண்டிலும் தனிக் கவனம் வேண்டும். சன்ஷேடின் ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. மறுபக்கத்தை மேலே உள்ள சுவரின் பாரம் அழுத்திப் பிடிக்கிறது. மேல் சுவரை முதலில் எடுத்தால், சன்ஷேடு கவிழ்ந்துவிடும். ஆகவே, கீழே முட்டுக் கொடுத்து, முதலில் சன்ஷேடை உடைக்க வேண்டும்.

இடித்த கல்லையும் மண்ணையும் மாடித் தளத்தில் குவிக்கக் கூடாது. ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் தளத்தை, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்கும்படி அமைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் செங்கல் இடிபாடு 1,000 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதாவது, முழங்கால் உயரக் குவியல் ஒரு சதுர மீட்டரில் 500 கிலோ ஆகும். இது தளம் தாங்கும் அளவைப் போல் இரண்டரை மடங்கு. அதனால் இடிபாட்டை உடனுக்குடன் கீழே இறக்க வேண்டும்.

அவசரம் ஆபத்து

பல இடங்களில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"மேஸ்திரி, சுவரின் அடியைக் கொத்திவிடுங்கள். கயிறு கட்டி இழுத்தால் ஒரே மணி நேரத்தில் வேலை முடியும்" என்பார் காண்டிராக்டர்.

"வேண்டாம் சார். அடியைக் கொத்தினால் சுவர் எந்தப் பக்கம் விழும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கொத்துகிறவன் மேலேயே விழும். மேலிருந்து எடுக்கிறோம். ஒரு நாள் கூடுதலாக ஆகும். ஆனால் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேருவோம்" என்று மேஸ்திரி சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கூலி மிச்சமாகலாம். அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

கைக்கருவிகள்

சம்மட்டியின் பிடி ஆடக் கூடாது. ஆடினால் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். பிடியில் விரிசல் இருந்தால் மாற்ற வேண்டும். உளியின் தலை காளான் போல விரிந்திருந்தால் அதைச் சாணை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணைக் குத்தும்.

மின் கருவிகள்

கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கரை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி உடைக்கக் கூடாது. உடைக்கும் தளத்தின் மேலேயே நிற்கக் கூடாது. இந்தக் கருவி கையை அதிரச் செய்யும். பல ஆண்டுகள் ஓய்வு இல்லாமல் பிடித்தால் விரல்கள் மரத்து வெளுத்துப் போகும். ஆகவே, ஆள் மாற்றி மாற்றி வேலை செய்ய வேண்டும்.

கம்பி அறுக்கும் கட்டிங் மெஷினின் வட்டு, நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல்கூடச் சுற்றும். வட்டின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். வட்டு தாங்கும் வேகம் அது. மெஷினிலும் ஓர் எண் இருக்கும். இரண்டையும் படித்துப் பாருங்கள். வட்டின் எண், மெஷினின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்த வட்டைப் போடக் கூடாது. வேகம் தாங்காமல் அது உடைந்து சிதறும். வட்டை மூடும் தகட்டுக் கவசத்தைக் கழற்றக் கூடாது. வட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு ஆகியவை வட்டில் சிக்கிக்கொள்ளும். அவற்றை இறுக்கிக் கட்ட வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

மின் கருவிக்கு எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் வேண்டும். கம்பியை நேராகச் சாக்கெட்டில் செருகுவது மரணத்தை அழைப்பதாகும்.

ஜேசிபி இயந்திரம்

மண் அள்ளும் மஞ்சள் இயந்திரத்தை மக்கள் ஜேசிபி என்கிறார்கள். பயிற்சி பெற்ற ஓட்டுநர்தான் அதை இயக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது. ஆகவே, சைகை காட்ட ஓர் ஆள் வேண்டும். ஒரே ஆள்தான் சைகை காட்ட வேண்டும். "நிறுத்து" என்ற சைகையை மட்டும் யாரும் காட்டலாம்.

இயந்திரம் இடிக்கும்போது, சுவரின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. 12 அடிச் சுவர் என்றால் 18 அடி தூரம். குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் உள்ளே விடக் கூடாது. மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் வாளியில் ஆளை ஏற்றித் தூக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வாளியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

செங்கல், கான்கிரீட் தூசியில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் தூசி இன்னும் கொடியது. அது பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக்கூட உண்டாக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்ற வேண்டும்.

முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. செங்கல், கான்கிரீட் தூசியை என்95 முகக்கவசம் பெருமளவு தடுக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இடித்தால் தூசி அடங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கனமான காலணி ஆகியவையும் வேண்டும். இவற்றைக் கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை.

நல வாரியம்

1996-இல் கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாநிலங்களில் நல வாரியங்கள் அமைந்தன. 2020-இல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்பிலும் இந்த வாரியங்கள் உண்டு. இடிக்கும் வேலையும் கட்டட வேலைதான். 18 வயது நிரம்பி, 60 வயது ஆகாதவர், முந்தைய 12 மாதங்களில் 90 நாட்கள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். பெண்களும் பதிவு செய்யலாம். விபத்து நடந்த பிறகு ஓடுவதைவிட, இன்றே பதிவு செய்வது நல்லது.

நினைவில் வையுங்கள்

* கடைசியில் கட்டியதை முதலில் எடுக்க வேண்டும்.
* சுவரின் அடியைக் கொத்தக் கூடாது.
* மாடியில் இடிபாட்டைக் குவிக்கக் கூடாது.
* மின் இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.
* விபத்து நடந்தால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. சன்ஷேடுக்கு மேல் உள்ள சுவரை ஏன் முதலில் எடுக்கக் கூடாது?
2. 10 அடிச் சுவரை இயந்திரம் இடிக்கும்போது எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்?
3. "சீக்கிரம் முடி" என்று காண்டிராக்டர் அவசரப்படுத்தினால், எல்லோரும் சேர்ந்து என்ன சொல்லலாம்?