ஐம்பது ரூபாய் அபராதமா, சிறையா?

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எமது மது மீட்புச் சிகிச்சைப் பிரிவின் புறநோயாளர் வரிசையில் மஞ்சள் பையுடன் ஒரு பெண்மணி நின்றிருந்தார். அன்று வரவேண்டியவர் சரக்கு வேன் ஓட்டுநரான அவருடைய கணவர், அவர் வரவில்லை. பையிலிருந்து நீதிமன்ற உத்தரவின் நகல் ஒன்றை எடுத்து நீட்டிய அப்பெண்மணி, "நேத்து ராத்திரி மறுபடியும் குடிச்சிட்டார் டாக்டர். பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்களா?" என்று கேட்டார்.

இக்கேள்வியைப் பல குடும்பங்கள் எங்களிடம் கேட்க அஞ்சுகின்றன. ஆகவே இங்கு எழுதுகிறோம்.

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெரும்பாலான வழக்குகள் அபராதத்தோடு முடிகின்றன. சிலருக்கு மட்டும் நீதிமன்றம் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, தண்டனையை உடனே விதிக்காமல் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கிறது. (விபத்தில் உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் இச்சலுகையை எதிர்பார்க்க இயலாது, 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்புடன் கூறிவிட்டது.)

விடுவிப்பு என்ற சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. வழக்கு முடிந்துவிடவில்லை; தண்டனை தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பிணைக்காலம் மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். குறிப்பிட்ட முகவரியில் வசிப்பது, நன்னடத்தை அலுவலரைச் சந்திப்பது, மது அருந்தாதிருப்பது போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதிக்கலாம். அவற்றை மீறினால் அழைப்பாணையோ பிடியாணையோ வரும். மீறல் உறுதியானால் பழைய குற்றத்துக்கே நீதிமன்றம் தண்டனை விதிக்க இயலும். அப்போது இன்னொன்றும் கைநழுவுகிறது. பிணையில் விடப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு நேராமல் காக்கும் பிரிவு ஒன்று இச்சட்டத்தில் உண்டு. பழைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு அப்பாதுகாப்பு கிடையாது.

ஆயினும் அதே சட்டம் ஒரு சிறு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. முதல் முறை மீறியவருக்குப் பிணையைத் தொடரவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையை மட்டும் விதிக்கலாம். 1958-இல் எழுதிய தொகை. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. எந்த வழியைத் தேர்வது என்பது நீதிபதியின் முடிவு. அவர் முன் என்ன வைக்கப்படுகிறது என்பதில்தான் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பங்குண்டு.

அஞ்சி மறைப்பவர்களே மிகுதி. ஒரு நாள் குடித்தவர் அலுவலரைச் சந்திக்கச் செல்வதில்லை. பிறகு சிகிச்சைக்கும் வருவதில்லை. பிறகு வீடு மாறிவிடுகிறார். ஒரு மீறல் இவ்வாறு நான்காகிறது. ஓட்டுநர் உரிமத்துக்குத் தடை இருக்கும்போது வண்டி எடுத்தால் அது தனிக்குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் குற்றவாளியாகலாம் என்பதால், மனைவி பெயரில் உள்ள ஸ்கூட்டரின் சாவி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஜாமீன் கையெழுத்திட்ட உறவினரிடம் பிணைத் தொகையைக் கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மருத்துவர்களாக எங்களுக்குள்ள அச்சம் வேறு. நீதிமன்றத்துக்குப் பயந்து, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, அதன்பின் மனக்குழப்பம் ஆகியவை வரக்கூடும், உயிரிழப்பும் நேரலாம். அத்தகையவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். குடியை நிறுத்தும் மாத்திரை என்று டைசல்பிராமை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதன்மேல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை அறிந்து உட்கொள்பவரும் அரிஷ்டங்களையும் சில இருமல் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றிலும் ஆல்கஹால் உண்டு.

மீண்டும் குடித்துவிட்டால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அடுத்த சந்திப்பு நாளைத் தவறவிடாதீர்கள். படுக்கையில் இருப்பதால் செல்ல இயலாவிட்டால், எங்களிடம் அனுமதிச் சான்று பெற்று முன்கூட்டியே தெரிவியுங்கள். அச்சான்றைத் தருவதில் நாங்களும் சில முறை தாமதித்ததுண்டு. இப்போது கேட்ட அன்றே தருகிறோம். நிபந்தனை நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தால் அதை மாற்றும்படி நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க முடியும் என்பதைப் பலர் அறியார். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை உங்கள் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இன்றி எவருக்கும் நாங்கள் அளிப்பதில்லை.

அந்த ஓட்டுநர் மறுநாள் வந்து சேர்ந்தார். பத்து நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையோடு எங்கள் சான்றும் நீதிமன்றத்துக்குச் சென்றது. பிணை தொடர்ந்தது. ஐம்பது ரூபாய் செலுத்திய ரசீதை அவருடைய மனைவி அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். மாதந்தோறும் இருவருமே வருகிறார்கள், பேருந்தில்.