உரைகல்லாக நின்ற நடிகர்

‘துணை நடிகர்’ என்னும் சொல்லைக் கையாளும்போது மொழிபெயர்ப்பாளன் சற்றுத் தயங்க நேரிடுகிறது. சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களில் துணை நடிகர் என்றால், கல்யாணப் பந்தியில் அமர்ந்திருப்பவர், சந்தைக் கூட்டத்தில் நடந்து செல்பவர் என்றே பொருள். ஆனால் வடநாட்டில் திரைப்படப் பரிசுகள் வழங்கும்போது இதே பொருள்படும் சொல்லால் குறிக்கப்படுபவர் வேறொருவர். கதாநாயகனுக்கு அடுத்த இடத்தில் நின்று கதையின் பாரத்தில் பாதியைத் தாங்குபவர் அவர். அவரை நாம் ‘குணசித்திர நடிகர்’ என்கிறோம். ரங்காராவையும் பாலையாவையும் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு அந்தப் பணியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அத்தகைய கலைஞர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மராத்தி நாடக மேடையிலிருந்து இந்தித் திரைக்கு வந்த சதாசிவ அம்ராபூர்கர் அவர். பம்பாயிலும் தில்லியிலும் போபாலிலும் குடியேறி வாழும் நம்மவருள் பலர் அவருடைய முகத்தை அறிவர். பெயரை அறிந்தவர் சிலரே. குணசித்திர நடிகருக்கு இது புதிதன்று.

அவர் 1950ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள அகமத்நகரில் பிறந்தார். கணேஷ்குமார் நர்வோடே என்பது இயற்பெயர். பல ஆண்டுகள் மராத்தி மேடையிலே நடித்தும் நாடகங்களை இயக்கியும் பழகியவர். ‘ஹேண்ட்ஸ் அப்’ என்னும் மராத்தி நாடகத்தில் அவரைக் கண்ட இயக்குநர் கோவிந்த் நிஹலானி, தாம் எடுக்கவிருந்த ஒரு படத்திற்கு அவரைத் தேர்ந்துகொண்டார். 1983இல் வெளிவந்த ‘அர்த் சத்யா’ அந்தப் படம். ‘பாதி உண்மை’ என்பது அதன் பொருள்.

பம்பாய் நகரின் காவல் துணை ஆய்வாளர் அனந்த் வேலங்கர் என்பவனைப் பற்றிய கதை அது. பன்வல்கர் எழுதிய மராத்திச் சிறுகதையைத் தழுவி விஜய் தெண்டுல்கர் திரைக்கதை அமைத்தார். வேலங்கராக ஓம் பூரி நடித்தார். நேர்மையாக இருக்க விரும்பும் ஓர் அதிகாரி, எங்கு திரும்பினாலும் அதிகாரத்தின் சுவரில் மோதிக்கொள்கிறான். அந்தச் சுவருக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா? ராமா ஷெட்டி என்னும் குற்றக் கூட்டத் தலைவனே அந்த முகம். அவனாக நடித்தவர் அம்ராபூர்கர்.

அதுவரை இந்திப் படங்களின் வில்லன் எப்படி இருந்தான்? உரக்கச் சிரிப்பான், சவால் விடுவான், பளபளக்கும் ஆசனத்தில் அமர்ந்திருப்பான். ராமா ஷெட்டியோ குரலை உயர்த்துவதில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. இறக்கும் தறுவாயில் ஒருவன் அளித்த வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு வேலங்கர் அவனைக் கைது செய்யச் செல்கிறான். ஷெட்டி சற்றும் பதறவில்லை. தொலைபேசியை எடுத்து மேலதிகாரி ஒருவருடன் பேசுகிறான். திரும்பி வந்துவிடுமாறு வேலங்கருக்கே கட்டளை பிறக்கிறது. வேலங்கரின் முகம் சிவந்து துடிக்கிறது. ஷெட்டியின் முகத்திலே அசைவில்லை. அந்த அசைவின்மையே நம்மை அச்சுறுத்துகிறது. சட்டத்தை மீறுபவனிடம் அமைதியும், சட்டத்தைக் காப்பவனிடம் கொந்தளிப்பும் இருக்கக் காணும்போது, நகரத்தின் நோய் இன்னதென்று நமக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

படத்தின் இறுதியில் நிலைமை தலைகீழாகிறது. காவலில் இருந்த ஒருவனை அடித்துக் கொன்ற குற்றத்திற்கு ஆளான வேலங்கர், எவனை எதிர்த்தானோ அவனிடமே உதவி தேடிச் செல்கிறான். ஷெட்டி தன் பக்கம் சேர்ந்துவிடும்படி அவனை அழைக்கிறான். வேலங்கர் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுத் தன்னையும் சட்டத்திடம் ஒப்படைக்கிறான். இக்காட்சியில் அம்ராபூர்கர் மிகை நடிப்பில் இறங்கியிருந்தால் ஓம் பூரியின் வீழ்ச்சி நம் உள்ளத்தில் தைத்திராது. பொன்னின் மாற்று உரைகல்லில் தெரியும். ஆயினும் ஒருவரும் உரைகல்லை அணிந்துகொள்வதில்லை. குணசித்திர நடிகரின் நிலையும் அதுதான். ஓம் பூரி சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அம்ராபூர்கருக்கு ஃபிலிம்ஃபேர் பத்திரிகை வழங்கும் சிறந்த துணை நடிகர் பரிசு கிடைத்தது.

தமிழ் நேயர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1985இல் பாரதிராஜா இயக்கிய ‘ஒரு கைதியின் டைரி’ படத்தின் கதையை எழுதியவர் கே. பாக்யராஜ். அதையே பாக்யராஜ் 1986இல் ‘ஆக்ரீ ராஸ்தா’ என்று இந்தியில் இயக்கினார். கமல்ஹாசன் ஏற்ற வேடத்தை அங்கே அமிதாப் பச்சன் ஏற்றார். தமிழில் பின்னணிப் பாடகர் மலேசியா வாசுதேவன் நடித்த கொடிய அரசியல்வாதியின் வேடம் அம்ராபூர்கருக்கு வந்தது. ஒரே பாத்திரம் மொழி மாறும்போது எவ்வாறு வேறொரு மனிதனாகிறது என்பதை அறிய விரும்புவோர் இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

பின்னர் ‘ஹுக்குமத்’ போன்ற படங்களில் வில்லன் வேடங்கள் வரிசையாக வந்தன. மகேஷ் பட் இயக்கி 1991இல் வெளிவந்த ‘சடக்’ படத்தில் ‘மகாராணி’ என்னும் திருநங்கைப் பாத்திரத்தை ஏற்றார். எதிர்மறைப் பாத்திரத்திற்கென ஃபிலிம்ஃபேர் புதிதாக ஏற்படுத்திய பரிசை முதன்முதலில் பெற்றவர் அவரே. நடிப்பின் துணிவு பாராட்டத்தக்கது. எனினும் இன்று அப்படத்தைக் காணும்போது, ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவினரைக் கொடுமையின் உருவாகக் காட்டியது முறையோ என்ற வினா எழாமல் இராது. நடிகனின் திறமை மிகுந்தால் பாத்திரத்தின் பிழையும் மிகுந்து பதியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1988இல் ஷியாம் பெனகல் இயக்கத்தில் தூர்தர்ஷன் ‘பாரத் ஏக் கோஜ்’ என்ற நாடகத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. நேருஜியின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வை அடிப்படையாகக் கொண்ட 53 பகுதிகள். அந்த நூலை நேருஜி 1944இல் எழுதிய இடம் அகமத்நகர்க் கோட்டைச் சிறை. அவ்வூரில் பிறந்த அம்ராபூர்கர் இத்தொடரில் ஏற்ற வேடம் மகாத்மா ஜோதிராவ் பூலே.

பூலே 1848இல் புனே நகரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். மனைவி சாவித்திரிபாயையே ஆசிரியையாக்கியவர். 1873இல் சத்திய சோதக சமாஜத்தை நிறுவியவர். திரையரங்கில் ராமா ஷெட்டியைக் கண்டு அஞ்சிய அதே மக்கள், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பூலேயைக் கண்டனர். கண்களும் குரலும் அவையே. ஆனால் அங்கே அச்சத்தை விளைத்த நிதானம், இங்கே உறுதியாக விளங்கியது. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவனின் அமைதி வேறு. அதிகாரத்தை எதிர்த்து நிற்பவனின் அமைதி வேறு. இரண்டையும் ஒரே கருவியால் இசைத்துக் காட்டினார் அவர்.

இத்தகைய வாய்ப்பைத் திரைப்படம் ஏன் அதிகம் தரவில்லை? திரைப்படம் பெரும் முதலீட்டில் நடக்கும் வாணிகம். ஒருமுறை வில்லனாகப் பெயர் பெற்றவரை மறுமுறையும் வில்லனாக்குவதில் ஆபத்துக் குறைவு. இதனால் நடிகரைச் சுற்றி ஓர் அச்சு அமைந்துவிடுகிறது. அன்றைய தூர்தர்ஷன் நாடகங்கள் வசூலை நம்பி வாழவில்லை. மேடை பயின்ற கலைஞர்களை அச்சுக்கு வெளியே நிறுத்திப் பார்க்க அவற்றுக்கு இடமிருந்தது. ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் ஓம் பூரி போன்றவர்கள் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு வேடம் புனைந்ததும் இதனாலேயே. அம்ராபூர்கரும் பின்னாளில், 1993இல் வந்த ‘ஆங்க்கே’ முதலிய படங்களில் நகைச்சுவைக்கு மாறித் தமக்கென்று அமைந்த அச்சைத் தாமே சிறிது தளர்த்திக்கொண்டார்.

அச்சுக்கு அப்பால் இருந்த மனிதரை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 2013ஆம் ஆண்டு மகாராஷ்டிரம் கடும் வறட்சியில் வாடியது. அவ்வாண்டு ஹோலிப் பண்டிகையின்போது மும்பையில் தம் வீட்டருகே சிலர் தண்ணீரை வீணாக இறைத்து ஆடுவதைக் கண்டு அவர் தடுக்க முற்பட்டார். அதற்காக அவர் மீது கைகள் நீண்டன. திரையில் எத்தனையோ பேரை நடுங்கவைத்தவர், தெருவில் ஒரு குடம் தண்ணீருக்காகத் தனியே நின்று அடி வாங்கினார்.

அதே ஆண்டில் ‘பாம்பே டாக்கீஸ்’ என்ற படம் வெளிவந்தது. அதில் திபாகர் பானர்ஜி இயக்கிய பகுதி, சத்யஜித் ராய் எழுதிய ‘பட்டோல் பாபு’ என்னும் வங்கச் சிறுகதையைத் தழுவியது. நாடக ஆசை கைகூடாத ஒருவனுக்குப் படப்பிடிப்பில் கணநேர வேடம் ஒன்று கிடைக்கிறது. அதைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்று அவன் ஒத்திகை பார்க்கையில், மறைந்த நாடக ஆசான் அவன்முன் தோன்றி இடித்துரைக்கிறார். அந்த ஆசானாக வந்தவர் அம்ராபூர்கர். சிறிய வேடத்தின் மதிப்பை எடுத்துரைக்க அவரினும் தகுதியுடையவர் யார்? அடுத்த ஆண்டு, 2014 நவம்பர் 3ஆம் நாள், மும்பையில் காலமானார்.

அன்பர்களே, பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அச்சு என்பது இன்னதென்று நன்கு தெரியும். வாயைத் திறந்து நாலு சொல் பேசுவதற்குள் ‘மதராசி’ என்று நமக்கொரு வேடம் தயாராக இருந்த காலம் உண்டு. அயலாரை நாமும் அவ்வாறே எடைபோட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மனிதரின் முகத்தைக் கண்டவுடன் அவர் யாரென்று முடிவுகட்டிவிட மனம் விரையும் நேரத்தில், ராமா ஷெட்டியாகவும் மகாத்மா பூலேயாகவும் நின்ற அந்த ஒரே முகத்தை நினைத்துக்கொள்வது நலம் பயக்கும்.