ஒயர் பழசு, ஏசி புதுசு: நடுவில் காவல் யார்?

முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் ஃபேன், டியூப்லைட், டிவி, மிக்ஸி என்று கணக்குப் போட்டுத்தான் ஒயர் இழுத்தார்கள். இன்று அதே ஒயரில் ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாம் ஓடுகின்றன. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆனால் பலர் செய்வது ஒன்றுதான்: 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவது. ட்ரிப் நின்றுவிடும். சுவருக்குள் ஒயர் சூடேறத் தொடங்கும்.

எம்சிபி காப்பது ஒயரை

புதிய சாதனத்தைப் பார்த்து எம்சிபி வாங்கக் கூடாது. அந்த லைனில் இருக்கும் மிக மெல்லிய ஒயரைப் பார்த்தே வாங்க வேண்டும். 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதே திறனுள்ள இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்தால் 18. பழைய மெல்லிய ஒயருக்கு அது அதிகம். தடித்த செம்பு ஒயரில் தனி லைன் இழுப்பதே தீர்வு.

பழைய பீஸ் கட்டையில் நம்பிக்கை வைக்க வேண்டாம். அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரம் பாய்ந்தால்தான் பீஸ் கம்பி உருகும். எம்சிபி 1.45 மடங்கிலேயே ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் ‘பி’ வகை 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழும். மோட்டார், ஏசிக்கு ‘சி’. விளக்கு, கீசருக்கு ‘பி’ போதும்.

ஆர்சிசிபி காப்பது உயிரை

ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பங்கு மின்சாரமே போதும். எம்சிபிக்கு அது தெரியாது. மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிதான் அதைக் கண்டுபிடிக்கும். தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பும் நுகர்வோர் இதைப் பொருத்தச் சொல்கிறது. ஆனால் இது ஓவர்லோடைத் தடுக்காது. எம்சிபியும் கூடவே வேண்டும். எர்த்துக்கும் இது மாற்று அல்ல.

ஆர்சிசிபியிலும் வகை பார்க்க வேண்டும். ‘ஏசி’ வகை சாதாரண மாறுமின்சாரக் கசிவை மட்டுமே உணரும். இன்வெர்ட்டர் ஏசி, புதிய வாஷிங் மெஷின் போன்றவற்றின் மின்னணுச் சுற்றுகளிலிருந்து கசிவது வேறு வடிவம். அதற்கு ‘ஏ’ வகை வேண்டும். மின்கார் சார்ஜருக்கு ‘பி’ வகை தேவைப்படலாம். சார்ஜரின் கையேட்டைப் பாருங்கள்.

பழைய வீட்டில் இரண்டு லைன்களின் நியூட்ரலை ஒன்றாகக் கட்டியிருந்தால் ஆர்சிசிபி ஓயாமல் விழும். சாதனம் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. நியூட்ரலைப் பிரிப்பதே சரியான வேலை.

உங்கள் உரிமைகள்

* எம்சிபி, ஆர்சிசிபிக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். பில் கேட்டு வாங்குங்கள்.
* போலிச் சாதனத்தை விற்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். குறைபாடுள்ள பொருளால் காயமோ சேதமோ ஏற்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இழப்பீடு கோரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுக வேண்டும்.
* வாடகை வீட்டில் ஒயரிங் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.
* தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் உள்ள ஒயர்மேனையே கூப்பிடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் ‘டி’ பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். எம்சிபி ட்ரிப் ஆனால் பெரிய அளவுக்கு மாற்றும் முன், அது ஏன் விழுகிறது என்று ஒயர்மேனிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அந்த லைனைப் பயன்படுத்தாதீர்கள்.